காட்டில் ஓட்டும் ஆர்.சி. கார்: துள்ளினால், வழுக்கினால், சூடேறினால் எங்கே பார்ப்பது

எங்கள் பக்கம் மண் பத்து கிலோமீட்டருக்கு ஒன்றாக மாறிவிடும். காங்கேயத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் செம்மண்ணும் சரளையும். பொள்ளாச்சித் தோப்புக்குள் போனால் சருகும் நாரும். உடுமலைப் பக்கம் கரிசல். வெள்ளகோவில் உலர்களத்தில் வழவழவென்று சிமெண்ட். ரிமோட்டில் ஓட்டும் ஒரே ஆர்.சி. வண்டியை ஒரே செட்டிங்கில் இந்த நான்கு இடத்திலும் ஓட்டினால் நான்கு விதமாக நடந்துகொள்ளும். பெட்டியோடு வரும் குறிப்புப் புத்தகம் சீராகத் தட்டிய ட்ராக்கையும் நம் கோடையை விடக் குறைந்த வெயிலையும் மனதில் வைத்து எழுதியது. அதை வைத்துத் தொடங்கலாம். அதற்கு மேல் நம் மண்ணையும் நம் வெயிலையும் பார்த்துத்தான் வண்டியைத் திருத்த வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள, மின் மோட்டாரில் ஓடும், பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிக்கு. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்தும். உங்கள் வண்டி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அடுத்த பகுதியை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

## முதலில் மேசை மேல்

பேட்டரியைக் கழற்றிவிட்டு வண்டியை மேசை மேல் வையுங்கள். நான்கு ஷாக்கையும் (அதிர்வு தாங்கும் ஸ்பிரிங் குழாய்) கீழ்முனையில் மட்டும் கழற்றி விடுங்கள். சக்கரத்தைத் தாங்கும் கையான ஒவ்வொரு ஆர்மையும் தூக்கி விட்டால் தன் எடையிலேயே தொப்பென்று விழ வேண்டும். பாதியில் நின்றால் ஆர்மைப் பிடித்திருக்கும் பின் என்ற ஊசிக்கம்பி வளைந்திருக்கும், இல்லாவிட்டால் புழுதி ஏறி இறுகியிருக்கும். பின்னை உருவி ஒரு கண்ணாடி மேல் உருட்டிப் பாருங்கள், வளைவு உடனே தெரியும். இறுகிய ஆர்மை வைத்துக்கொண்டு எந்த ஸ்பிரிங்கை மாற்றினாலும் எந்த எண்ணெய் ஊற்றினாலும் பலன் இருக்காது. நிறையப் பேர் காசைக் கரைப்பது இந்த இடத்தில்தான்.

அப்புறம் மோட்டாரைத் தளர்த்தி பினியனை (மோட்டார் அச்சில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்) ஸ்பரிலிருந்து (அது சுழற்றும் பெரிய பல்சக்கரம்) விலக்கிவிட்டு, சக்கரங்களைக் கையால் சுழற்றுங்கள். சரசரவென்று மணல் அரைக்கும் உணர்வு விரலில் தெரிந்தால் அந்தப் பேரிங் போய்விட்டது. ஷாக்குகளை முழுவதும் கழற்றி, இடது வலது ஜோடியை நீட்டிப் பக்கத்தில் வைத்து வெர்னியரால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் மாட்டியபின் பேட்டரியும் வைத்து, ஓடும் எடையில், ஒரு சாண் உயரத்திலிருந்து தட்டையான தரையில் போடுங்கள். வண்டி ஒரு முறை அமுங்கி, ஒரே மூச்சில் நிற்கும் உயரத்துக்கு வர வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் எண்ணெய் போதவில்லை. மேலே வரவே தயங்கினால் எண்ணெய் கெட்டி. உட்கார்ந்த இடத்தில் சேஸிஸுக்கு (வண்டியின் அடித்தட்டு) அடியில் தட்டிய தரைக்கு 22 முதல் 25 மில்லிமீட்டர், சரளைக்கு 28 வரை வைத்துக்கொள்வது என் வழக்கம்.

ஷாக்கில் இருக்கும் வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. வண்டி உயரும், அவ்வளவுதான். கடினம் வேண்டுமென்றால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும்.

இனி ஒன்று மட்டும் பழகிக்கொள்ளுங்கள். ஒரு ஓட்டத்துக்கு ஒரே ஒரு மாற்றம். மாற்றியதை நோட்டில் எழுதி, என்ன மண், எந்த நேரம் என்றும் பக்கத்தில் குறித்து வையுங்கள். ஒரே நேரத்தில் எண்ணெயையும் ஸ்பிரிங்கையும் மாற்றினால் சரியானதுக்கு எது காரணம், கெட்டதுக்கு எது காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது.

## “மோட்டார்ல கை வெக்க முடியலீங்க”

போன சித்திரையில் அக்கா பையன் போன் செய்தான். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பு வரப்பில் ஓட்டிக்கொண்டிருந்தான். “மாமா, நாலு நிமிசம்தானுங்க ஓட்டினேன், மோட்டார்ல கை வெக்க முடியலீங்க.” நான் போய் வெப்பமானியைக் காட்டினால் 92 டிகிரி. அவன் ஏற்கெனவே 21 பல் பினியனைக் கழற்றி 19 போட்டிருந்தான். இரண்டு பல் குறைத்தும் சூடு குறையவில்லை என்றால் கியரில் கோளாறு இல்லை, வேறெங்கோ இழுத்துப் பிடிக்கிறது என்று அர்த்தம்.

“சக்கரத்தைக் கழட்டு கண்ணு” என்றேன். வலது பின்சக்கரத்தைக் கழற்றியதும் தெரிந்தது. சக்கரத்தைத் தாங்கும் அறுகோண ஹப்புக்கும் பேரிங்குக்கும் நடுவே தேங்காய் நார் சுற்றி, புழுதியும் பிசுக்கும் சேர்ந்து கயிறாகவே முறுக்கிக்கொண்டிருந்தது. ஊக்கை வைத்து நெம்பி நெம்பி எடுத்தோம், ஒரு சாணுக்கு மேல் வந்தது. நார் பேரிங்கின் மூடியை உள்ளே தள்ளி அதையும் இறுக்கியிருந்தது. பேரிங்கை மாற்றி, 21 பல் பினியனையே திரும்பப் போட்டு, அதே வெயிலில் அதே வரப்பில் ஓட்டினால் 70 டிகிரியில் நின்றது.

திருப்பூர்க்காரர்களுக்கு நாருக்குப் பதில் பனியன் கட்டிங் வேஸ்ட். காலி மனைகளில் கிடக்கும் நூல் அச்சில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது. அதனால் சூடு என்றதும் நான் பார்க்கும் வரிசை இது: முதலில் சக்கர அச்சுகள், அடுத்து பேரிங், அடுத்து பினியனும் ஸ்பரும் அழுந்தியிருக்கிறதா, அடுத்து ட்ரிகரை (ரிமோட்டில் வேகம் கொடுக்கும் விசை) விட்டதும் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறதா. இதெல்லாம் சரியாக இருந்தால்தான் பினியனுக்குப் போவேன்.

பினியனுக்கு வந்துவிட்டால் வெயிலைக் கணக்கில் எடுக்க வேண்டும். மோட்டார் சுற்றியிருக்கும் காற்றை விட எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதுதான் கணக்கு. 20 டிகிரி காற்றில் 65-ல் நிற்கும் மோட்டார் 45 டிகிரி ஏறுகிறது. அதே கியரில் அதை ஈரோட்டு வைகாசி வெயிலில், 39 டிகிரியில் ஓட்டினால் ஏறத்தாழ 84 வரும். மோட்டாரின் வெளி உறை 75, மிஞ்சினால் 80 டிகிரி வரைதான் போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பிரஷ்லெஸ் (கரிக்கட்டை இல்லாத) மோட்டாரின் உள்ளே இருக்கும் காந்தம் வலுவிழக்க ஆரம்பிக்கும். வலுவிழந்த காந்தம் ஆறினாலும் பழைய நிலைக்கு வராது. அப்படிப்பட்ட மோட்டார் சும்மா சுற்றும்போது முன்பை விட வேகமாகச் சுற்றும், ஆனால் இழுவை இருக்காது, கரண்ட்டை அதிகம் தின்னும், மறுபடியும் சூடாகும். “வண்டி வேகமா ஓடுது, ஆனா மேடு ஏற மாட்டேங்குது” என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் இந்தச் சந்தேகம்தான் வரும்.

குறிப்புப் புத்தகம் 21 பல் என்றால் பங்குனி முதல் ஆனி வரை நான் 19 போட்டுத்தான் தொடங்குவேன். நான்கு நிமிடம் ஓட்டி அளப்பேன். 60-க்குக் கீழே இருந்தால் ஒரு பல் கூட்டலாம். நிறுத்திய உடனே ஒரு முறையும், இரண்டு நிமிடம் கழித்து ஒரு முறையும் அளக்க வேண்டும். காற்றோட்டம் நின்றபின் உள்ளே இருக்கும் சூடு வெளி உறைக்கு வருவதால் இரண்டாவது எண்தான் பெரிதாக இருக்கும்.

லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி 60 டிகிரியைத் தாண்டவே கூடாது. ஓட்டி முடித்த சூட்டோடு சார்ஜில் போடாதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அது வண்டியின் பாகம் போவதோடு நிற்காது, தீப்பிடிக்கும் விஷயம்.

## “வேகமே வரமாட்டேங்குது” அல்லது “கிளம்பவே திணறுது”

இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு முனை. ஸ்பர் பல்லைப் பினியன் பல்லால் வகுத்து, கியர்பாக்ஸின் உள் விகிதத்தால் பெருக்கினால் கடைசி விகிதம் வரும். ஸ்பர் 87, பினியன் 21, உள் விகிதம் 2.6 என்று வைத்துக்கொண்டால் 10.77. மோட்டார் 10.77 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. இந்த எண் பெரிதானால் இழுவை கூடும், வேகம் குறையும், சூடும் குறையும். சிறிதானால் நேர் எதிர்.

3300 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 3300 சுற்று) மோட்டார் 7.4 வோல்ட்டில் நிமிடத்துக்குச் சுமார் 24,400 சுற்று. 85 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தோடு அந்த 10.77-ல் கணக்குப் போட்டால் மணிக்கு 36 கிலோமீட்டர் வரும். மண்ணில் இதை விடக் குறையத்தான் செய்யும். சின்னக் களத்தில் ஓட்ட இதுவே தாராளம் என்பேன். வேகம் வேண்டும் என்று பினியனைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள் வளைவில் இருந்து வெளியே வரும்போது பின்தங்கிவிடுகிறார்கள்.

ஸ்பர் பெட்டியில் இருந்தால் அதிலும் விளையாடலாம். பினியனில் ஒரு பல் குறைப்பதும் ஸ்பரில் நான்கு பல் கூட்டுவதும் கிட்டத்தட்ட ஒன்று.

பலர் மறப்பது சக்கரத்தின் அளவு. 85-ஐக் கழற்றிவிட்டு 110 மில்லிமீட்டர் ட்ரக் டயர் போட்டால் கியரை முப்பது சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் கூட்டியதுக்குச் சமம். பழைய நிலைக்கு வர 21 பல் பினியன் 16 ஆக வேண்டும். டயர் மட்டும் மாற்றி ஓட்டியவர்களின் மோட்டார் கருகுவது இதனால்தான். மழைக்குப் பிறகு கரிசலில் ஓட்டுவதும் இதே கதை. மண் டயரில் அப்பி சக்கரம் பெருக்கும், கனக்கும். அந்த நாளுக்கு இரண்டு பல் குறைத்துப் போடுங்கள். இல்லை, மண் காயும்வரை இரண்டு நாள் பொறுங்கள்.

இரண்டு செல் பேட்டரியில் இருந்து மூன்று செல்லுக்குப் போகிறவர்கள் வேகம் ஒன்றரை மடங்கு ஆவதை மட்டும் பார்க்கிறார்கள். மூன்று நான்கு பல் குறைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதற்கு முன் ஈ.எஸ்.சி. (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) மூன்று செல் தாங்குமா என்று அதன் மேலேயே எழுதியிருப்பதைப் படியுங்கள்.

## “கர்ருனு கத்துச்சு, அப்புறம் பல்லு போயிருச்சு”

நோட்டுக் காகிதத்தில் ஒரு சின்னத் துண்டு கிழித்து, பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவே விட்டு, மோட்டாரை ஸ்பர் மேல் மெதுவாக அழுத்திப் பிடித்து இரண்டு ஸ்க்ரூவையும் இறுக்குங்கள். கையால் சுழற்றிக் காகிதத்தை வெளியே எடுத்தால் மடிப்பு மடிப்பாக விழுந்திருக்க வேண்டும், கிழிந்திருக்கக் கூடாது. ஸ்பர் லேசாகக் கோணலாக இருக்கலாம். அதனால் கால் சுற்றுக்கு ஒரு முறை, நான்கு இடத்தில் நிறுத்தி, ஸ்பரை விரலால் ஆட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரு மயிரிழை ஆட்டம் இருக்க வேண்டும். மோட்டார் ஸ்க்ரூவிலும் பினியனின் கிரப் ஸ்க்ரூவிலும் ஒரு சொட்டு லாக்டைட் (ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் பசை) போடுங்கள். இரும்பும் இரும்பும் சேரும் இடத்தில் மட்டும். பிளாஸ்டிக்கில் பட்டால் அது விரிசல் விட்டுவிடும்.

சரி, இந்த மெஷ் (பல்லும் பல்லும் கவ்வும் இடைவெளி) நன்றாக வைத்தும் பல் போகிறதா? பல்லின் அளவே பொருந்தாமல் இருக்கலாம். இதில் நான் பட்டதைச் சொல்கிறேன். கோவையில் கியர் வெட்டிக் கொடுக்கும் பட்டறைகள் நிறைய. என் ஸ்பர் 48 பிட்ச். பிட்ச், மாட்யூல் இரண்டும் பல்லின் அளவைச் சொல்லும் முறைகள். 21 பல் பினியன் கிடைக்காமல், ஒரு பட்டறையில் 0.5 மாட்யூலில் வெட்டி வாங்கினேன். பார்வைக்கு அச்சு அசல் அதே பல். முதல் பேட்டரி முடிவதற்குள் ஸ்பர் வழித்துவிட்டது. பட்டறைக்காரர் கேட்டதை மைக்ரான் பிசகாமல் வெட்டித்தான் கொடுத்திருந்தார், நான் கேட்டதுதான் தவறு. 25.4-ஐ 48-ஆல் வகுத்தால் 0.529 மாட்யூல். 0.5-ம் சேராது, 0.6-ம் சேராது.

வெர்னியர் கையில் இருந்தால் இதை வாங்கும் முன்பே பிடித்துவிடலாம். பல்லின் எண்ணிக்கையோடு 2 கூட்டி, மாட்யூலால் பெருக்கினால் வெளி விட்டம். 21 பல்லுக்கு 0.5 மாட்யூலில் 11.5 மில்லிமீட்டர், 48 பிட்ச்சில் 12.2, 0.6 மாட்யூலில் 13.8. இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது அளக்காமல் வாங்க வேண்டியதில்லை. 32 பிட்ச்சுக்கு மட்டும் 0.8 மாட்யூல் கிட்டத்தட்டப் பொருந்தும் (32 பிட்ச் என்பது 0.794). பட்டறையில் பிட்ச் என்பதை டி.பி. என்பார்கள். “48 டி.பி.” என்று கேட்டிருந்தால் எனக்கு அந்த ஸ்பர் மிஞ்சியிருக்கும்.

ஸ்பரில் ஒரே இடத்தில் இரண்டு மூன்று பல் மட்டும் போயிருந்தால் காரணம் வேறு. ஜம்ப்பில் காற்றில் இருக்கும்போது ட்ரிகரை அழுத்திப் பிடித்தபடி இறங்கினால், வேகமாகச் சுற்றும் சக்கரம் தரையைத் தொட்டதும் சட்டென்று நின்று, அந்த அடி முழுவதும் ஸ்பருக்குப் போகும். அதை வாங்கிக்கொள்ளத்தான் ஸ்லிப்பர் கிளட்ச். அது இறுகிப்போயிருந்தால் கொஞ்சம் தளர்த்துங்கள். நின்ற இடத்தில் இருந்து முழு ட்ரிகர் கொடுத்தால் முதல் ஒன்றிரண்டு அடி தூரம் கிளட்ச் வழுக்கும் ‘வ்ர்ர்’ சத்தம் கேட்டு நிற்க வேண்டும். அதற்கு மேலும் வழுக்கினால் கிளட்ச் சூட்டில் ஸ்பரே உருகும்.

## “குதிச்சு இறங்கினா வயிறு அடிக்குது”

ஒவ்வொரு ஜம்ப்பிலும் லேசாகத் தட்டினால் அது தவறில்லை. ஷாக் அமுங்கும் தூரம் முழுவதையும் வண்டி பயன்படுத்துகிறது என்றே பொருள். பளாரென்று அறைந்து வண்டி எகிறினால்தான் வைத்தியம்.

முதலில் ஷாக்கைக் கழற்றி, காதருகே வைத்துத் தண்டை உள்ளே தள்ளி இழுங்கள். ‘களக் களக்’ என்றால் உள்ளே காற்று. எண்ணெய் கசிந்து போன இடத்தைக் காற்று பிடித்துக்கொண்டது. கசிவுக்கு இங்கே பெரும்பாலும் புழுதிதான் காரணம். நம் செம்மண் புழுதி தண்டில் ஒட்டி, ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். ஒரு விரல் பஞ்சை எடுத்துத் தண்டின் மேல் மேலிருந்து கீழ் வரை இழுத்துப் பாருங்கள். எங்காவது ஒரு இழை மாட்டிக்கொண்டால் அங்கே கீறல். கீறல் விழுந்த தண்டில் புது ஓ-ரிங் போட்டாலும் பத்து ஓட்டம் தாங்காது. தண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

எண்ணெய் நிரப்பும்போது அவசரம் கூடாது. பிஸ்டனைக் கீழே இறக்கி, விளிம்பு வரை ஊற்றி, மெதுவாக நாலைந்து முறை மேலும் கீழும் ஆட்டி, அப்படியே பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். குமிழிகள் சோடா மாதிரி ஒவ்வொன்றாக மேலே வரும். கடைசிக் குமிழி போனபின் மூடியைப் போடுங்கள். பைக் ஃபோர்க் ஆயில் கைவசம் இருக்கிறதே என்று ஊற்றாதீர்கள். அது பெட்ரோலிய எண்ணெய், சிலிக்கான் ஓ-ரிங் அதில் ஊதிப்போகும். ஆர்.சி.க்கென்று விற்கும் சிலிக்கான் எண்ணெய்தான் வேண்டும்.

காற்றும் இல்லை, கசிவும் இல்லை, ஆனாலும் அறைகிறது என்றால் எண்ணெயை ஒரு படி கெட்டியாக்குங்கள். 350 சி.எஸ்.டி. (எண்ணெயின் கெட்டித்தன்மையின் அளவு) இருந்தால் 400. கோடையில் எண்ணெய் இளகும் என்பதால் இந்த ஒரு படியை நான் சித்திரை பிறந்ததும் போட்டுவிடுவேன், ஐப்பசி மழையில் திரும்ப இறக்குவேன். பெரிய ஜம்ப் மட்டுமே ஓட்டுகிறவர்கள் எண்ணெயைக் கெட்டியாக்கிக்கொண்டே போவதை விட, பிஸ்டனைச் சின்ன ஓட்டை உள்ளதாக மாற்றி எண்ணெயை மெல்லியதாக வைப்பது நல்லது. வேகமாக அமுங்கும்போது சின்ன ஓட்டை எண்ணெயை விடாமல் பிடிக்கும், மெதுவாக அமுங்கும்போது மெல்லிய எண்ணெய் வழி விடும்.

## “சரளையில துள்ளித் துள்ளிப் போகுது”

கொறங்காட்டு வண்டித்தடத்தில் இதுதான் தலையாய தொல்லை. மேலே சொன்ன பிஸ்டன் வைத்தியத்துக்கு இது நேர் எதிர். சின்னச் சின்னக் கல் அடுத்தடுத்து அடிக்கும்போது சின்ன ஓட்டை பிஸ்டன் எண்ணெயைக் கடத்த முடியாமல் இறுகி, ஷாக் கட்டை போல் ஆகிவிடும். பெரிய ஓட்டை பிஸ்டனும் சற்றுக் கெட்டி எண்ணெயும் போடுங்கள். ஸ்பிரிங்கை ஒரு படி மென்மையாக்குங்கள்.

துள்ளுவது பின்பக்கம் மட்டும், அதுவும் ட்ரிகர் கொடுக்கும்போது மட்டும் என்றால் ஆன்டி-ஸ்க்வாட்டைக் குறைத்துப் பாருங்கள். பின் ஆர்மின் முன்முனை பின்முனையை விட எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதுதான் அது. அது அதிகமானால் முடுக்கும்போது பின்பக்கம் அமுங்க மறுத்து விறைத்து நிற்கும். தட்டிய தரைக்கு அந்த விறைப்பு நல்லது, சரளைக்குக் கெடுதல். ஒரு டிகிரி குறைத்ததில் எங்கள் வண்டி ஒரே நாளில் வேறு வண்டி ஆனது.

ஷாக்கின் மேல்முனையை டவரில் (ஷாக்கை மாட்டும் நிமிர்ந்த தட்டு) ஒரு ஓட்டை உள்ளே தள்ளிச் சாய்த்தாலும் தொடக்கம் மென்மையாகும். காசு செலவில்லாத மாற்றம், முதலில் இதைச் செய்து பாருங்கள்.

## “பின்னாடி வழுக்கிச் சுத்திக்குது”

எப்போது வழுக்குகிறது என்று பாருங்கள். முடுக்கும்போது வழுக்கினால், டயரின் ஊசிகள் தேய்ந்திருக்கின்றனவா என்பதுதான் முதல் கேள்வி. தளர்ந்த மண்ணுக்கு உயரமான ஊசி, கெட்டித் தரைக்குக் குட்டை ஊசி. டயர் நன்றாக இருந்தால் பேட்டரியைப் பின்னே தள்ளுங்கள், பின் ஸ்பிரிங்கை மென்மையாக்குங்கள், ட்ரிகரையும் மென்மையாகப் பிடியுங்கள். ட்ரான்ஸ்மிட்டரில் பன்ச் (கிளம்பும்போது கிடைக்கும் உந்துதல்) அளவைக் குறைக்க வசதி இருந்தால் குறைக்கலாம்.

வளைவுக்குள் நுழையும்போது, ட்ரிகரை விட்டதும் வழுக்கினால் பிரேக் அதிகம். பின்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில் பிரேக்கும் பின்னால் மட்டும்தான், கைப்பிரேக் இழுத்தது போல் சுற்றிவிடும். டிராக் பிரேக்கை (ட்ரிகரை விட்டதும் தானாகப் பிடிக்கும் பிரேக்) குறைத்துப் பாருங்கள். பின்சக்கரங்கள் 3 டிகிரி உள்நோக்கி இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஒரு அடி வாங்கிய ஹப் இந்தக் கோணத்தைச் சத்தமில்லாமல் தின்றுவிடும்.

## “திருப்பினா திரும்ப மாட்டேங்குது”

சர்வோ சேவரை (ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோ மோட்டாரை அடியிலிருந்து காக்கும் ஸ்பிரிங் இணைப்பு) பாருங்கள். முன்சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்பினால் சர்வோ மட்டும் சுற்றி, சக்கரம் அசையாமல் நின்றால் சேவரின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. அதை விட்டுவிட்டு சஸ்பென்ஷனைத் திருத்தி மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சேவர் சரியென்றால் முன் ஸ்பிரிங் ஒரு படி மென்மை, பேட்டரி முன்னே, முன்சக்கரம் ஒரு டிகிரி வெளிநோக்கி. இந்த வரிசையில்.

## “களத்துல ஓட்டினா கவிழுது”

கொப்பரை காயப்போடும் சிமெண்ட் களத்தில், அதுவும் வெயில் ஏறிய பிறகு, டயர் தரையைக் கவ்விப் பிடிக்கும். பிடிப்பு அதிகமானால் வழுக்க வேண்டிய வண்டி உருளும். உயரத்தை 20 மில்லிமீட்டர் அளவுக்கு இறக்குங்கள். ஸ்பிரிங்கைக் கடினமாக்குங்கள். ஷாக்கின் கீழ்முனையை ஆர்மில் வெளி ஓட்டைக்கு மாற்றுங்கள். சாய்வைத் தடுக்கும் கம்பி இருந்தால் முன்னால் மாட்டுங்கள். அப்படியும் கவிழ்ந்தால் முன் டயரின் வெளிப்பக்கச் சுவரில் இன்ஸ்டன்ட் பசையை மெல்லியதாக ஒரு சுற்று தடவிக் காயவிடுங்கள். அந்த ஓரம் தரையைக் கவ்வாமல் வழுக்கும். களத்துக்காரர் கொப்பரை பரப்பியிருக்கும் நேரத்தில் வண்டியை இறக்காதீர்கள். டயர் கிளப்பும் தூசி முழுவதும் கொப்பரையில்தான் போய் உட்காரும்.

## “மேலே போனதும் மூக்கு குத்துது”

காற்றில் இருக்கும்போது ட்ரிகர் கொடுத்தால் மூக்கு எழும், பிரேக் பிடித்தால் மூக்கு இறங்கும். அதைப் பழகியும் குத்தினால் ஜம்ப்பின் ஏற்றத்தில் பின்பக்கம் உதைக்கிறது. பின் ஷாக்கில் எண்ணெய் மெல்லியதாகி, அமுங்கிய ஸ்பிரிங் சட்டென்று விரிந்து தூக்கிவிடும். பின்னால் மட்டும் ஒரு படி கெட்டியாக்குங்கள். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது தாராபுரம், உடுமலைப் பக்கம் ஓட்டுகிறவர்கள் காற்றுக்குக் குறுக்கே குதிக்க வேண்டாம். பின்னால் இருக்கும் விங் (இறக்கை) பாய்மரம் மாதிரி பிடித்து வண்டியைத் திருப்பிவிடும், அதற்கு ஷாக்கில் மருந்து இல்லை.

## “ஒரு பக்கமாவே இழுக்குது”

மெதுவாக ஓட்டும்போதும் இழுத்தால் ஸ்டியரிங் ட்ரிம். முடுக்கும்போது மட்டும் இழுத்தால் இடது வலது சமமாக இல்லை. வண்டியின் முன்பக்கத்தை நட்டநடுவில் ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் மெல்லத் தூக்குங்கள். இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் தரையை விட வேண்டும். ஒன்று முந்தினால், அதற்கு மூலைவிட்டமாகப் பின்னால் இருக்கும் ஷாக்கின் நீளத்தையும் வளையத்தையும் முதலில் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் சேஸிஸே முறுக்கியிருக்கும். மேல்தட்டின் ஸ்க்ரூக்களை எல்லாம் தளர்த்தி, வண்டியைக் கண்ணாடி மேல் வைத்து லேசாக அழுத்தியபடி மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்குங்கள். பிறகு அதே ஸ்க்ரூடிரைவரால் மறுபடியும் தூக்கிப் பாருங்கள்.